இரண்டாம் இடம் மட்டும் வேண்டாம்

காளவாசல் லேபுக்குச் சுகர் டெஸ்ட் எடுக்கப் போயிருந்தேன். வெறும் வயிற்றில் ஒரு குத்து, சாப்பிட்ட பிறகு இன்னொரு குத்து. இரண்டுக்கும் நடுவே வெளியில் போகப் பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிட் பஞ்சு வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த டி.வி.யை யாரோ மாற்ற, கால்பந்துப் புள்ளிப் பட்டியல் வந்து நின்றது. ஆசியத் தகுதிச் சுற்று. ஆடியது எத்தனை, ஜெயித்தது எத்தனை என்று கட்டம் கட்டமாக இருந்தது. என் கண் நேரே இரண்டாவது வரிக்குப் போயிற்று. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஊசி குத்துகிற பெண் ஓடிவந்து, "என்னம்மா, கிறுகிறுன்னு வருதா? உக்காருங்க" என்றாள். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன். அவளிடம் என்ன சொல்வது? பட்டியலில் இரண்டாவதாக இருக்கிற நாட்டைப் பார்த்தால் எனக்குப் பயம் என்று சொன்னால், சுகரோடு சேர்த்து வேறு டெஸ்டும் எடுக்கச் சொல்லியிருப்பாள். இது புரிகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழில், உசிலம்பட்டிக்கு உங்கள் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போகக் கிளம்பினோம். காளவாசலில் பஸ் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. நீங்கள் ஓடினீர்கள். மில் கால்பந்து டீமில் பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பராக ஆடிய கால்தானே என்று ஓடினீர்கள். கம்பியைப் பிடித்தவர் ஏறாமல் அப்படியே விட்டுவிட்டு, ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். நான் பக்கத்தில் வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. "வெயிலு" என்றீர்கள். வெயிலே இல்லை. அந்த நிமிஷம் எனக்குள் வந்து உட்கார்ந்த பயம் எட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். உங்கள் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "மூனு இடத்துல அடைப்பு இருக்கு சார். ஆபரேஷன்தான். சீக்கிரம் பண்ணிருங்க. மாடிப்படி வேண்டாம், பரபரப்பு வேண்டாம்" என்றார்.

"எம்புட்டு நாள் தள்ளலாம்?" என்று கேட்டீர்கள்.

"தள்ளாதீங்கன்னு சொல்றேன்."

"தகுதிச் சுற்று ஓடிக்கிட்டு இருக்கு டாக்டர். ஈரானுக்குக் கடைசி மேட்ச் முடியட்டும். மறுநாளே வந்து படுத்துருவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் ஈரானில் ஒரு துணி மில்லில் ஃபிட்டராக இருந்ததும், வேலை முடிந்து அந்த ஊர்க்காரர்களோடு மண் மைதானத்தில் பந்து ஆடியதும், அங்கே கலவரம் வந்ததும் போட்ட சட்டையோடு திரும்பியதும் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஆனாலும் வீடு வரும்வரை உங்களோடு பேசவில்லை. உங்களிடம் கோபப்படவும் பயம். கோபப்பட்டால் நீங்கள் திருப்பிக் கோபப்படுவீர்கள், அதுவும் பரபரப்புத்தானே.

மறுநாள் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தீர்கள். "எப்ப முடியும் உங்க மேட்சு?" என்று கேட்டேன். குழம்புக்கு உரித்து வைத்திருந்த சின்ன வெங்காயத்தில் ஐந்தை எடுத்து முறத்தில் வரிசையாக வைத்தீர்கள்.

"இந்த அஞ்சு நாடும் ஒரு குரூப்பு. ஒவ்வொருத்தனும் மத்தவனோட ரெண்டு தடவ ஆடணும். ஒரு தடவ இவன் ஊர்ல, ஒரு தடவ அவன் ஊர்ல. ஜெயிச்சா மூனு புள்ளி. சமமா முடிஞ்சா ஆளுக்கு ஒன்னு. கடைசியில முதலாவதா நிக்கிறவன் நேரா உலகக் கோப்பைக்குப் போயிருவான்."

"மத்தவங்க?"

"மூனாவதுல இருந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"ரெண்டாவது?"

தனியாக ஒரு வெங்காயத்தை எடுத்தீர்கள். "அவனுக்குத்தான் இழுவை. இதே மாதிரி இன்னொரு குரூப்பு இருக்கு. அங்க ரெண்டாவதா வாரவனோட ஒரு மேட்ச் ஆடணும். ஜெயிச்சா உள்ள போகலாம்."

"தோத்தா முடிஞ்சுதா?"

"தோத்தாலும் முடியாது. வேற கண்டத்துல ஜெயிச்சு வந்து ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பான். அவனோட ரெண்டு மேட்ச், அவன் ஊர்ல ஒன்னு, நம்ம ஊர்ல ஒன்னு."

நம்ம ஊர் என்று நீங்கள் சொன்னது டெஹ்ரானை. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். முதலாவதாக வந்தால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மூன்றாவதாக வந்தாலும் சீக்கிரம் போகலாம். இரண்டாவதாக வந்தால் வாரக் கணக்கில் இழுக்கும். அதுவரை அந்த மூன்று அடைப்பும் காத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பாண்டி கோயிலுக்குப் போய், கால்பந்துக்காக வேண்டிக்கொண்ட ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. முதலாவதாக வை, இல்லை என்றால் மூன்றாவதாகத் தள்ளு. ஐயா, இரண்டாம் இடம் மட்டும் வேண்டாம் என்று கேட்டேன்.

அப்போது உங்கள் ஆட்கள்தான் முதலிடத்தில் இருந்தார்கள். அதனால் தெம்பாக இருந்தீர்கள். நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது உங்கள் முகத்தில் தெரிந்துவிடும். உங்கள் கை இடது தோளைத் தடவினால் எழுந்து பக்கத்தில் வந்துவிடுவேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை அடுப்படியில் ஒன்று, சாமி ஷெல்ஃபில் ஒன்று, என் முந்தானையில் ஒன்று என்று வைத்திருந்தேன். தெருமுனை ஆட்டோக்காரர் எந்நேரம் வீட்டில் இருப்பார், எந்நேரம் சவாரி போவார் என்று அவர் பெண்டாட்டியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் வெளியே இருந்து கூப்பிடுவேன். "இருக்கேன் புள்ள, செத்துப் போகல" என்று உள்ளேயிருந்து சொல்வீர்கள். அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள் என்று கதவைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

தன்னுடைய கடைசி மேட்சில் கத்தாரிடம் போய் ஈரான் தோற்றது. நீங்கள் டி.வி.யை அணைத்தீர்கள். எனக்கு உள்ளூர நிம்மதி. பீரோவில் இருந்து பையை எடுத்து உங்கள் கைலி, துண்டு, சோப்புப் பெட்டி எல்லாம் வைத்து ஜிப் போட்டேன். "நாளைக்குப் போவோமா?" என்று கேட்டேன்.

"கத்தாருக்கும் சவுதிக்கும் ஒரு மேட்ச் பாக்கி" என்றீர்கள். "அது சமமா முடிஞ்சா நாமதான் முதலு. யாராச்சும் ஒருத்தன் ஜெயிச்சா நாம ரெண்டாவது."

இப்படி ஒரு கொடுமை உண்டா? நாம் ஆடாத மேட்ச். யார் ஜெயிக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொள்ள வழியில்லை. எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் அடி எனக்கு. முடிவு தெரிய, விடிந்ததும் நானே காளவாசலுக்கு நடந்து போய் இங்கிலீஷ் பேப்பர் வாங்கினேன். நீங்கள் நடக்கக் கூடாதே. விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தான். சவுதிக்கு ஒன்று, கத்தாருக்கு ஒன்றும் இல்லை. டீக்கடை வாசலில் நின்றபடி அந்த ஒற்றை ‘ஒன்றை’ப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பஸ் போய்க்கொண்டிருந்தது.

மகள் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள், அவளைக் கலக்க வேண்டாம் என்று உசிலம்பட்டியில் இருந்து உங்கள் தம்பியை வரவழைத்தேன். மாடு கன்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி, "மதினி, அண்ணன்கிட்ட நான் பேசுறேன், நீங்க அழுகாதீங்க" என்றவர், உள்ளே வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தார். "அண்ணே, மேட்சு எங்கயும் ஓடிப்போகாது. ஆஸ்பத்திரி ரூம்லயே டி.வி. வச்சுத் தாரேன். வாங்கண்ணே."

"அங்க ஆண்டனா சரியா எடுக்காதுடா" என்றீர்கள்.

ஜப்பானோடு மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்கியது. ஒரு கட்டத்தில் ஈரான் முன்னால் இருந்தது. பிறகு ஜப்பான்காரன் சமன் செய்தான். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் யார் முதல் கோல் அடிக்கிறாரோ அத்தோடு மேட்ச் முடிந்துவிடுமாம். எப்போது வேண்டுமானாலும், சொல்லாமல் கொள்ளாமல். உங்கள் நெஞ்சைப் பற்றி டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். நீங்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டீர்கள். உதடு வெளுத்திருந்தது. நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை நீட்டினேன். டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தீர்கள், வைத்தேன். உங்கள் தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குத் தயாராக வாசலில் நின்றார். கூடுதல் நேரமும் முடியப்போகிற சமயத்தில் ஜப்பான்காரன் அடித்துவிட்டான். நீங்கள் பின்னால் சாய்ந்து கண்ணை மூடினீர்கள். நான் உங்கள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள்: "இன்னும் ஆஸ்திரேலியா இருக்கு."

அடுத்த வாரம் டெஹ்ரானில் ஆளுக்கு ஒரு கோல். சமம். அதற்கடுத்த சனிக்கிழமை ஆஸ்திரேலியாவில் கடைசி ஆட்டம். நமக்கு மத்தியான நேரம். சோறு வடித்து, ரசம் வைத்தும் யாரும் சாப்பிடவில்லை. உங்கள் ஆட்கள் முதலில் ஒரு கோல் வாங்கினார்கள், இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது கோல் விழுந்ததும் எவனோ ஒருவன் மைதானத்துக்குள் ஓடிவந்து கோல் வலையை அறுத்துவிட்டான். ஆட்டம் நின்றது. வலையைக் கட்டுகிறார்கள், கட்டுகிறார்கள், கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் தம்பி சிரித்தார். என் முகத்தைப் பார்த்து, என்னை லேசாக்கத்தான் பேசினார். "மதினி, அண்ணன் மில் டீம்ல ஆடுறப்ப இப்படித்தான். இவங்க ஒரு கோல் முன்னால இருந்தா, பந்து அண்ணன் காலுக்கு வந்துச்சுன்னா, ஓங்கி ஒரே அடி. நேரா கம்மாய்க்குள்ள போய் விழுகும். தண்ணிக்குள்ள இறங்கி எடுத்துட்டு வாரதுக்குள்ள பாதி நேரம் போயிரும். எதிர்ல நல்ல டீம் வந்தா எங்களுக்கே தெரியும், இன்னைக்குப் பந்து நனையும்னு. பயந்தாருன்னா கம்மாய்க்குத்தான் அடிப்பாரு."

நீங்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்துவிட்டேன். கோபம் இல்லை அது. களவு பிடிபட்ட முகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தார், சவுதி, ஜப்பான், ஆஸ்திரேலியா. ஒவ்வொன்றாக நீங்களும் கம்மாய்க்கு அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஈரான்மேல் ஆசை உண்மைதான், அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசையைத் திரையாகக் கட்டிவிட்டு உள்ளே வேறொன்று உட்கார்ந்திருந்தது. பயம் எனக்கு மட்டும்தான், நீங்கள் பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

வலையைக் கட்டி முடித்தார்கள். அதன்பிறகு உங்கள் ஆட்களுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. சில நிமிஷ இடைவெளியில் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு. விசில் ஊதினான். இரண்டு மேட்சும் சமம், இனி கூடுதல் நேரம், பெனால்ட்டி என்று போகும் என்று நினைத்து நான் மாத்திரையைக் கையில் எடுத்தேன். டி.வி.யில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து உருண்டார்கள்.

"முடிஞ்சுது புள்ள" என்றீர்கள். குரல் உடைந்திருந்தது. "ரெண்டும் சமமா இருந்தா, அடுத்தவன் ஊர்ல போய் யார் கோல் அதிகமா போட்டானோ அவன் உள்ள. அவன் நம்ம ஊர்ல ஒன்னு போட்டான். நாம அங்க ரெண்டு போட்டோம். உள்ள போயாச்சு."

தம்பி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டேன், "அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரி?"

நீங்கள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "ஜூன்ல உலகக் கோப்பை. இம்புட்டு தூரம் வந்தாச்சு. அதையும் பார்த்துட்டு..."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. டி.வி.க்கும் உங்களுக்கும் நடுவில் போய் நின்றேன். "கம்மாய்க்கு அடிச்சது போதும்ங்க. பந்து நனைஞ்சு போச்சு. பயமா இருக்குன்னு சொல்லிருங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தம்பி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அப்புறம் சொன்னீர்கள். "பயமாத்தான் இருக்கு. நெஞ்சைத் தொறந்து வச்சிட்டு அப்படியே விட்டுட்டா? முழிச்சு எந்திரிக்கவே இல்லைன்னா? அங்க அந்த மேசையில நான் மட்டுந்தானே படுக்கணும் புள்ள."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். ஆறிப்போன ரசத்தைச் சூடு பண்ணி மூன்று பேரும் சாப்பிட்டோம். திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஆட்டோவில் என் கையை விடவே இல்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை பிடித்திருந்தீர்கள். அதற்குமேல் அவர்கள் விடவில்லை. அந்தக் கதவு திறக்கும்வரை நான் எப்படி இருந்தேன் என்று உங்களிடம் சொன்னதே இல்லை. யாராவது செருப்புச் சத்தத்தோடு வந்தால் என் பெயரைச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் டாக்டரே வந்து, நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோதும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

ஜூனில் உங்கள் ஆட்கள் மூன்று மேட்ச் ஆடி, ஒன்றில் ஜெயித்து, முதல் சுற்றோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். "இதுக்கா இம்புட்டு?" என்று கேட்டேன். நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

நான் மட்டும் பயத்தை விடவில்லை. தையல் ஆறி, நீங்கள் மில்லுக்குத் திரும்பி, சைக்கிளில் போக ஆரம்பித்த பிறகும் விடவில்லை. காலையில் நீங்கள் விழிப்பதற்கு முன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாயை விட்டு எழுவேன். நான்கு வருஷம் கழித்து ஈரான் மறுபடியும் இரண்டாம் இடத்துக்கு வந்தது. மறுபடியும் இழுவை. இந்தத் தடவை அயர்லாந்திடம் தோற்று வெளியே வந்தார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டீர்கள். எனக்குத்தான் இரண்டு நாள் காய்ச்சல்.

அதற்கடுத்த தடவை, இரண்டாயிரத்து ஐந்தில், விதியை மாற்றிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தாலும் நேரே உள்ளே போகலாம். நீங்கள்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து சொன்னீர்கள், எனக்காகவே வாங்கி வந்த செய்தி மாதிரி. "இனிமே ரெண்டாவதுக்குப் பயப்பட வேண்டாம் புள்ள." ஜூன் தொடக்கத்திலேயே, இன்னும் ஒரு மேட்ச் பாக்கி இருக்கும்போதே, ஈரான் தகுதி பெற்றுவிட்டது. மாத்திரை, ஆட்டோ, ஒன்றும் தேவைப்படவில்லை. அன்று என் முதுகில் இருந்து ஏதோ இறங்கியது. அதன்பிறகு சில நாள் நான் அசந்து தூங்கினேன். காலையில் எழுந்து, உங்களைத் திரும்பிப் பார்க்காமல் நேரே வாசல் தெளிக்கப் போனேன்.

அப்படி ஒரு காலையில்தான். வாசலைத் தெளித்தேன், கோலம் போட்டேன். எதிர்வீட்டுக்காரியோடு தண்ணீர் லாரி வராததைப் பற்றி நின்று பேசினேன். பால் காய்ச்சினேன். காபியைக்கூட நிதானமாக, நுரை வர ஆற்றினேன். டம்ளரோடு உள்ளே வந்து, "எந்திரிங்க, வெயில் வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறந்தேன். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் இல்லாதபடி மனசு லேசாக இருந்தது.

டாக்டர் சொன்னார், விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்கும், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. உங்கள் தம்பியும் அதையேதான் சொன்னார். நான் நம்புகிறேன். என்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் பயந்துகொண்டிருந்தவரை நீங்கள் இருந்தீர்கள். இந்த ஒரு நினைப்பை மட்டும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. இப்போது மகள் போனை எடுக்கத் தாமதமானால் பயப்படுகிறேன். உங்கள் தம்பி பஸ் ஏறிவிட்டேன் என்று சொன்னால், இறங்கிவிட்டேன் என்று சொல்லும்வரை பயப்படுகிறேன். ஏன் மதினி இப்படிப் பயந்து சாகிறீர்கள் என்று அவர் சலித்துக்கொள்கிறார். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். அவரும் இருக்க வேண்டும் அல்லவா?